பூவாத்தாள் படம்

ஆனி 20, திங்கள்

பால் சொசைட்டியில் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார்கள். மாடு சினைக்கு விட்ட தேதி, கன்று போட்ட தேதி, இவ்வளவுதான் இதுவரைக்கும் அதில் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள் நான். சொசைட்டியில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு நாற்பது வயதில் எழுத்துப் படித்தேன். சொல்லிக் கொடுத்த டீச்சரம்மாவுக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அவளுக்குப் பால் கறக்க நான் சொல்லிக் கொடுத்தேன். மாடு அவளை உதைத்த கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்றைக்கு எழுத வேண்டியது வேறு. அண்ணன் மகன் நாச்சிமுத்து ஓசூரிலிருந்து வந்திருந்தான். அண்ணன் போய் வருஷம் திரும்பிவிட்டது. வீட்டை இடிக்காமல் ஓடு மாற்றி, தரை போட்டு, பழைய சாமான்களாலேயே நிறைக்கப் போகிறார்களாம். ஆவணியில் பால் காய்ச்சுகிற விசேஷம். அதுவரைக்கும் கொத்தனாரையும் ஆசாரியையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புருஷன் போன பிறகு பதினாலு வருஷமாக இந்த வீட்டுப் பின்கட்டில்தானே இருக்கிறேன்.

கிளம்பும்போது கேட்டான். "அத்தை, எங்கம்மா படம் உங்ககிட்டத்தானுங்க இருக்குது? முன்கூடத்து ஆசாரத்துல நடுச் செவுரு அவியளுக்குன்னு விட்டிருக்கறேன்."

"இருக்குது கண்ணு. பத்திரமா இருக்குது" என்றேன்.

ஆனி 24, வெள்ளி

நாச்சிமுத்துவின் பெண்டாட்டி தாரணி ஒரு டெம்போ நிறையச் சாமான் அனுப்பியிருக்கிறாள். எங்கெங்கோ பழைய கடைகளில் தேடித் தேடி வாங்கியதாம். நான்கு ஊறுகாய் ஜாடி, ஒரு ஒற்றைக் கதவு, குழவி உடைந்த ஆட்டுக்கல், சாவி இல்லாத கடிகாரம். ஜாடியில் குடை வைக்க வேண்டுமாம். கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்டால் சாப்பாட்டு மேஜையாம். கதவு மேல் சோறு சாப்பிடுவதை இந்த ஜன்மத்தில் பார்க்கப் போகிறேன். மாட்டுத் தொட்டியைக் கழுவி அல்லி வைத்தாகிவிட்டது. எருமை வந்து முதல் நாளே பூவைத் தின்றுவிட்டது. அதன் தொட்டி, அது தின்கிறது. யாரைக் குறை சொல்ல?

போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். ஒரு பித்தளைப் பாத்திரம், வாய் அகலமாக, இடுப்பு சிறுத்து, அழகாகத்தான் இருக்கிறது.

"பெரீம்மா, அது பூ ஜாடிங்க. சாப்பாட்டு மேஜை நடுவுல வெச்சுருங்க."

அது எச்சில் துப்புகிற படிக்கம். வெற்றிலை போடுகிற பெரிய வீட்டு ஆட்கள் கட்டில் அடியில் வைத்திருப்பார்கள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவு ஆசையாக வாங்கியிருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். எனக்கு இது ஒரு கெட்ட பழக்கம். எதிரில் இருப்பவர் முகம் சுண்டிப் போகக்கூடாது என்று எதையும் விட்டுவிடுவேன். சிவப்பு அரளி பறித்து அதில் சொருகினேன்.

ஆனி 25, சனி

பரண் ஏறித் தேடினேன். படம் கிடைக்கவில்லை.

ஆனி 29, புதன்

பரணில் எதற்கு ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அங்கே இருக்காது என்று தெரியுமே.

பூவாத்தாள் என் அண்ணன் பெண்டாட்டி. நங்கை, நங்கை என்று அவள் பின்னால் சுற்றியவள் நான். பிள்ளை எட்டு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய படம் உலகத்திலேயே ஒன்றுதான். அவள் பிறந்த வீட்டில் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பினவர்கள். அண்ணன்தான் வம்பு பண்ணித் தாராபுரம் கூட்டிப்போய், தனியாக நிறுத்தி, ஒரு கையை ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லி எடுத்தான். அவள் போய் இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் பெண்டாட்டி வந்தாள். இந்தப் படம் கண்ணில் படக்கூடாது என்றாள். அண்ணன் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "பையன் பெரியவனானா குடு தெய்வா" என்று சொல்லிவிட்டுப் போனான். பையன் உடுமலையில் மாமன் வீட்டில் வளர்ந்தான். சின்னம்மா மனசு நோகும் என்று படத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டான். நான் கோயிலில் பார்க்கிறபோது மட்டும் காதோடு கேட்பான். "பத்திரமா இருக்குது" என்பேன். இப்போது அந்தச் சின்னம்மாவும் இல்லை.

நிஜமாகவே பத்திரமாக இருந்த வருஷங்களும் உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும்.

என் மகள் கல்யாணத்துக்கு எடுத்த படத்துக்கு நல்ல சட்டம் போட ஆசைப்பட்டேன். பூவாத்தாள் படத்துச் சட்டம் ஈட்டி மரம், ஓரத்தில் கொடி ஓடும். பெட்டிக்குள் இருக்கிற படத்துக்குச் சட்டம் எதற்கு என்று கழற்றினேன். வெறும் படத்தைத் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டி அடியில் போட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது பெட்டிக்குள் கரையான் புற்று. துணியை உதறினேன். மண்தான் கொட்டியது.

இருபது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவன் கேட்டான். அதற்குப் பிறகும் அதையேதான் சொன்னேன்.

ஆடி 3, செவ்வாய்

காற்று ஆளைத் தள்ளுகிறது. தாராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணெல்லாம் மண். பக்கத்தில் ஒருத்தி மடியில் சேவல் வைத்திருந்தாள். அது என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தது.

தாரணிக்குப் பழைய விளக்கு ஆணி வேண்டுமாம். மாசிலாமணி கடைக்குப் போனேன். செக்கு, கட்டில், வண்டிச் சக்கரம் எல்லாம் குவித்து வைத்திருக்கிறான். ஒரு மூலையில் போட்டோக்கள் அடுக்காகக் கிடந்தன. யார் யாரோ தலைப்பாகை, யார் யாரோ தொங்கட்டான்.

"இதையெல்லாம் யாரப்பா வாங்குவாங்க?"

"ஓட்டல்காரங்கதானுங்கம்மா. பழைய காலத்து ஊடு மாதிரி இருக்கோணும்னு மாட்டறாங்க. பாருங்க, யாரோட பாட்டனோ பாவம், முன்னப்பின்ன தெரியாதவன் ரோஸ்ட்டு திங்கறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கறான்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுக்கைத் தள்ளினேன்.

ஏழாவதோ எட்டாவதோ, ஒரு புருஷன் பெண்டாட்டி படம். அவள் இருபது வயதுக்காரி. பின்கொசுவம், கன்னத்தில் குழி. ஒரு கை ஸ்டூல் மேல்.

ஸ்டூல் மேல்.

படத்தை வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரன் பிளேடால் வெட்டிக் கொடுத்தான். ஆணை வெட்டிப் பெண்ணைச் சட்டத்தில் போட்டாகிவிட்டது. "இவரை என்னங்க பண்றது?" என்றான். குப்பையில் போடச் சொல்ல வாய் வரவில்லை. முந்தானையில் சுற்றி வாங்கிக்கொண்டேன். இப்போது என் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பிறகு அந்தப் பீரோவுக்குள் வந்த முதல் ஆம்பிளை.

ஆடி 8, ஞாயிறு

புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேரும் ஓசூரிலிருந்து வந்தார்கள். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு ஆசாரத்துக்குள் வந்தான். படத்துக்கு முன்னால் நின்றான். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்பத்து மூன்று வயது ஆம்பிளை, தலையில் பாதி நரைத்தவன், சத்தமே இல்லாமல் அழுதான். மகள் நித்திலா அப்பனைப் பார்த்துப் பயந்துவிட்டாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தின் கன்னத்தில் விரல் வைத்தாள்.

"அப்பா, குழி! எனக்கும் இங்க விழுதே!"

"ஆமாங் கண்ணு. உங்க அப்பத்தா கொடுத்ததுடா அது" என்றான்.

அவளுக்குக் குழி தாரணியின் அம்மாவிடமிருந்து வந்தது. அது எல்லோருக்கும் தெரியும். தாரணிக்கும் தெரியும். அவளே "ஆமாங்க, அப்படியே இருக்குது" என்றாள்.

போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நாப்பது வருஷமா எங்கம்மாவக் காப்பாத்தி வெச்சிருந்தீங்களே அத்தை."

மதியம் செய்த கோழிக் குழம்பில் உப்பே போடவில்லை என்று அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது. ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆடி 18, புதன்

காவிரிக்குப் போக முடியாமல் வாய்க்காலிலேயே முளைப்பாரி விட்டோம். திரும்பும்போது செல்லப்ப அண்ணனும் எங்கள் வீட்டைப் பார்க்கக் கூடவே வந்தார். ஊரில் பூவாத்தாளை நேரில் பார்த்தவர் என்று மிச்சம் இருப்பது அவரும் நானும்தான். படத்துக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"அடடா, பூவாத்தாளேதான்! உரிச்சு வெச்சாப்பல இருக்குது. இந்தக் கன்னக் குழிய எப்படி மறக்கறது?"

பூவாத்தாளுக்குக் கன்னத்தில் குழி கிடையாது. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆடி 24, செவ்வாய்

கடிகாரத்துக்குச் சாவி வாங்க மறுபடி தாராபுரம். மாசிலாமணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"ஏனுங்கம்மா, அன்னைக்கு ஒரு படம் எடுத்துட்டுப் போனீங்களே, அது ஊட்டுல இருக்குதுங்களா? ஒரு அம்மா வாராவாரம் பஸ் ஏறி வந்து கேக்கறாங்க. அவிய மகன் திருப்பூர்ல மாடி ஊடு வாங்கிப் போயிட்டான், சாமானெல்லாம் ஒட்டுக்கா எனக்குத் தள்ளிட்டான். படமும் சேர்ந்து வந்துருச்சு. அவிய ஊட்டுக்காரரோட படம் அது ஒண்ணுதானாமா."

"எந்த அம்மா?"

"கள்ளிமேட்டுப் பாவாயின்னு பேருங்க. படத்துல இருக்கற அம்மாதானுங்க அது!"

சாவி வாங்காமல் வந்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிறவளைச் சுவரில் மாட்டிக் காலையில் குங்குமம் வைத்து, சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறேன். விசேஷத்தன்று மாலை போடுவார்கள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? அதைவிட, அந்தக் கிழவி புருஷன் முகம் பார்க்க வாராவாரம் பஸ் ஏறுகிறாள். அவர் என் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறார். நாச்சிமுத்துவுக்குப் பண்ணியதையே இன்னொருத்திக்கும் பண்ணிவிட்டேன். இந்தத் தடவை கரையானைக்கூடச் சொல்ல முடியாது.

ஆடி 27, வெள்ளி

புருஷன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கள்ளிமேடு போனேன். அவளுக்கு வேண்டியது புருஷன் முகம்தானே, அதைக் கொடுத்துவிட்டால் போதும் என்று ஒரு கணக்கு. வழியெல்லாம் இந்தக் கணக்கையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்.

பாவாயி தங்கச்சி வீட்டில் ஒண்டியிருக்கிறாள். எழுபது வயது இருக்கும். வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கையில் கொடுத்ததும் அறுத்த கையோடு வாங்கி, பிறகு பதறி, கையைச் சேலையில் துடைத்து மறுபடி வாங்கினாள். கண்ணில் தண்ணீர். வெங்காயமா, அவரா தெரியாது.

"மீசையப் பாரு, மீசைய! முருங்கைக்காயாட்ட" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரத்தைத் தடவினாள். "ஏனுங்க, நானு இதுல இருந்தனே. நானு எங்கீங்க?"

"கடைல இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்ல வாய் திறந்தேன்.

"போகட்டும் போங்க" என்றாள் அவளே. "நானு இருக்கறனே. அவியதான் இல்லை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சொன்னேன். வழக்கம்போல எங்கோ ஆரம்பித்து, சட்டம், கரையான், சேவல் எல்லாம் சொல்லிக் கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். அவள் வெங்காயத்தை அறுத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என்னையச் செவுத்துல மாட்டி விளக்குப் போடறீங்களாக்கும்? அதுக்குத்தான் இருபது நாளா எனக்குத் தும்மலே நிக்கறதில்லை!" என்று சிரித்தாள். கன்னத்தில் சுருக்கங்களுக்கு நடுவே அந்தக் குழி விழுந்தது. பிறகு கேட்டாள். "அந்தப் பையன் அழுதானுங்களா?"

"அழுதான்."

"எனக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் அழுகலை. பெத்தவன் சாமானோட சேர்த்துத் தள்ளிட்டான்." கத்தியைக் கீழே வைத்தாள். "என்ற பாதிய அவன் வெச்சுக்கறதுன்னா வெச்சுக்கட்டும். ஆனா யாருன்னு சொல்லிப்போட்டுக் குடுங்க. தெரியாம வேண்டாம்."

வரும்போது ஒரு பை வெங்காயம் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆவணி 1, புதன்

சொல்லிவிட வேண்டும் என்று போன் போட்டேன். நாச்சிமுத்து எடுத்ததும், "அத்தை, நித்திலா பள்ளிக்கூடத்துல எங்கம்மாவப் பத்திப் பேசிப் பரிசு வாங்கிட்டா" என்றான். ஆசாரி வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆசாரி வந்திருந்தார். பக்கத்திலேயே நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆவணி 11, சனி

வாழை கட்டியாச்சு. கடிகாரத்துக்கு வேறு சாவி கிடைத்து ஓடுகிறது. வீடு பார்க்கக் கண் கூசுகிறது. நாளைக்குக் காலையில், பால் பொங்குவதற்கு முன்னால், கட்டாயம்.

ஆவணி 12, ஞாயிறு

பொங்குவதற்கு முன்னால் சொல்லவில்லை. பொங்கின பிறகும் சொல்லவில்லை. பந்திக்கு இலை போடச் சொன்னார்கள், போட்டேன். எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கதவு மேஜையைத் தட்டிப் பார்த்தார்கள். செல்லப்ப அண்ணன் படிக்கத்தில் அரளிப் பூவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு நாச்சிமுத்து கூடையிலிருந்து மாலையை எடுத்தான். மல்லிகையும் மரிக்கொழுந்தும் கட்டிய மாலை, அவன் கை நீளத்துக்கு இருந்தது. உறவுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நித்திலா கைகூப்பினாள். அவன் கையைத் தூக்கினான்.

"போடாதே கண்ணு!" என்று கத்திவிட்டேன். "போடாதே. அவ உசுரோட இருக்கறா."

அவன் திரும்பினான்.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சந்தோஷப்பட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எட்டு மாதக் குழந்தையின் முகம் அது. "எங்கம்மாவா?" என்றான். "எங்கம்மா இருக்கறாங்களா அத்தை? எங்கே?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு நடுவில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லை கண்ணு, இது வேற ஒரு பொம்பிளை, உங்கம்மா படம் கரையான் தின்னு இருபது வருஷம் ஆச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதம் முன்னால் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த ஒரு நொடியாவது வராமல் இருந்திருக்கும்.

மாலையை மறுபடி கூடையில் வைத்தான், பூ கசங்காமல். படத்தைக் கழற்றித் துணியில் சுற்றினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. பந்தியில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். அவன் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கார் போய்விட்டது.

தாரணி மட்டும் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க பெரீம்மா? நாங்க என்ன உங்களைக் கடிச்சா தின்னுருவோம்?"

ஆவணி 14, செவ்வாய்

நடுச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. மாடு கறக்க விடவில்லை.

ஆவணி 19, ஞாயிறு

மாசிலாமணி போனில் சொன்னான். நாச்சிமுத்து விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு கள்ளிமேட்டுக்கே போய், இரண்டு பாதியையும் ஸ்டுடியோவில் ஒட்டவைத்துப் பாவாயி கையில் கொடுத்தானாம். அவள் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "நீங்க அவரு பக்கத்துல இருங்கம்மா" என்றானாம். அங்கேயே சாப்பிட்டானாம். இங்கிருந்து ஏழு மைல். இந்தப் பக்கம் வரவில்லை.

ஆவணி 22, புதன்

பொழுது சாய மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவன்தான்.

"அத்தை, படம் போகட்டுமுங்க. நீங்க பார்த்திருக்கறீங்களே. எங்கம்மா முகம் எப்படி இருக்கும்? சொல்லுங்க."

கண்ணை மூடினேன். பூவாத்தாள் வரவில்லை. கன்னக் குழியோடு பாவாயி வந்து நின்றாள். தலையை உதறி மறுபடி மூடினேன். பாவாயிதான். ஒரு மாதம் காலையும் சாயங்காலமும் அந்த முகத்துக்கு விளக்குப் போட்டதில், கடைசியாக எனக்குள் இருந்த படத்தையும் தின்றுவிட்டேன்.

கதை சொல்ல எனக்கா தெரியாது? மூக்கு இப்படி, கண் இப்படி, சிரித்தால் இப்படி என்று ஒரு முகத்தை உண்டாக்கி அவன் கையில் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனியில் மூக்குத்திகூட வந்துவிட்டது.

"முகம் எனக்கு ஞாபகத்துல இல்லை கண்ணு. அதையும் நாந்தான் அழிச்சுப்போட்டேன்."

"என்னையத் தூக்கி வெச்சிருந்தாங்களா? கொஞ்சுவாங்களா?"

"நானு பார்க்கலை சாமி. நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நானு கண்ணாலமாகிப் போயிட்டேன்."

"பார்த்தது ஒண்ணுமே இல்லைங்களா?"

எருமை வாலை வீசிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் யோசித்தேன். அவன் வைக்கவில்லை.

"சீட்டியடிப்பா" என்றேன். "ஆடு எத்தனை தூரத்துல இருந்தாலும் திரும்பி வரும். பொம்பிளை சீட்டியடிக்கலாமான்னு உங்கப்பன் சத்தம் போடுவான். கரட்டுப் பாறை மேல நின்னுக்கிட்டு இன்னும் பலமா அடிப்பா. அதை நானு பார்த்தேன். பக்கத்துலயே நின்னு பார்த்தேன்."

"எப்படிங்க அடிப்பாங்க?"

"ரெண்டு வெரலை மடக்கி நாக்குக்கு அடியில குடுத்து ஊதுவா."

போனில் வெறும் காற்றுச் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறான் போலிருக்கிறது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.